தீவில் நலமாக வயதாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவுகளில் வேலை பார்க்கும் நர்சுகள், அப்பா அம்மாவைத் தீவில் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், ஊர்ப் பொறுப்பில் இருப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பெரிய தீவு, சின்னத் தீவு, பணக்காரத் தீவு, ஏழைத் தீவு என்ற வேறுபாடு நிறைய உண்டு. ஆனாலும் இரண்டு விஷயங்கள் எல்லா இடத்திலும் முன்னால் வந்து நிற்கின்றன: கப்பலில் என்ன வந்து இறங்குகிறது, தீவிலேயே யார் தங்கியிருக்கிறார்.

தீவில் இருப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

சில தீவுகளில் உண்மை. ஆனால் தீவு என்பதாலேயே அப்படி நடப்பதில்லை. ஜப்பானின் ஒகினாவா, இத்தாலியின் சார்டீனியா, கிரேக்கத்தின் இகாரியா ஆகிய மூன்றும் நூறு வயதைத் தொட்டவர்களுக்குப் பேர்போனவை. சார்டீனியாவின் உள்மலைப் பகுதியில் ஆண்களும் பெண்களுக்கு ஏறக்குறைய இணையாக நூறைத் தொடுவதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வேறெங்கும் பார்ப்பதற்கு அரிய விஷயம் அது.

இதே உலகில் நவ்ரு என்ற பசிபிக் தீவும் இருக்கிறது. பாஸ்பேட் சுரங்கத்தால் பணம் கொட்டிய காலத்தில், 1975இல் அங்கே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சொந்தமாகப் பிடித்த மீனும் விளைவித்த கிழங்கும் போய், இறக்குமதியான அரிசி, மாவு, சர்க்கரை, டப்பா இறைச்சி வந்து உட்கார்ந்த பிறகு நடந்தது இது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நூறு வயதுக் கணக்குகளை அப்படியே நம்ப முடியாது. சால் நியூமன் என்ற ஆய்வாளர், பிறப்புப் பதிவு சரியில்லாத இடங்களில்தான் மிக முதியவர்கள் அதிகமாகத் தென்படுகிறார்கள் என்று வாதிட்டார். ஒகினாவாவின் பழைய பதிவேடுகளில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் எரிந்துபோனது. அந்த வாதத்தை மறுப்பவர்களும் உண்டு. அதனால் நூறு வயதுக்காரர்களை எண்ணிக்கொண்டிருப்பதை விட, அறுபது வயதுக்காரர் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதே நமக்குப் பயன்படும்.

ஒகினாவா இப்போதும் அப்படித்தான் இருக்கிறதா?

இல்லை. தீவுகளின் நலனில் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1985இல் ஜப்பானின் 47 மாகாணங்களில் ஆண்களின் ஆயுள் அதிகமாக இருந்தது ஒகினாவாவில்தான். 2000ஆம் ஆண்டுக் கணக்கில் அது 26ஆவது இடத்துக்குச் சரிந்தது. ஜப்பானில் அதை '26 அதிர்ச்சி' என்றே சொன்னார்கள். 2020இல் ஆண்கள் 43ஆவது இடம். பல காலம் முதலிடத்தில் இருந்த பெண்கள் 16ஆவது இடம்.

போருக்குப் பிறகு 1972 வரை ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. அதற்கு முன்பு மக்களின் முக்கிய உணவு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. 1940களின் இறுதியில் கூட, சாப்பிட்ட கலோரியில் பாதிக்கும் மேல் அதிலிருந்துதான் வந்தது. பிறகு டப்பா இறைச்சி வந்தது. 1963இல், ஜப்பானின் மற்ற பகுதிகளுக்கு முன்பாகவே, அமெரிக்கத் துரித உணவுக்கடை வந்தது. போருக்கு முன்பு ஓடிய சிறிய ரயில் 1945இல் அழிந்தது; 2003இல் மோனோரயில் வரும்வரை கார்தான் எல்லாவற்றுக்கும். நடப்பது நின்றுபோனது.

இதில் முதியவர்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. கிழங்கு தின்று வளர்ந்தவர்கள் அவர்கள். அடிபட்டது அடுத்த தலைமுறை. எண்பது வயது அப்பா நன்றாக இருக்கும்போதே ஐம்பது வயது மகன் மாரடைப்பில் போவது என்ற நிலை வந்தது. மண்ணும் கடலும் காற்றும் மாறவில்லை, ரத்தமும் அதேதான். வாழும் முறை மாறியதும் ஒரே தலைமுறையில் எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது.

ஆயுள் கூடினால் போதாதா? 'நலமான முதுமை' என்று தனியாக ஏன் சொல்கிறீர்கள்?

உலக அளவில் மனிதரின் சராசரி ஆயுளுக்கும் அவர் நலமாக வாழும் ஆண்டுகளுக்கும் இடையில் ஏறக்குறைய 10 ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்தப் பத்து ஆண்டுகளைப் பெருநகரத்தில் கழிப்பது ஒன்று, படகு வாரத்துக்கு ஒருமுறை வரும் தீவில் கழிப்பது வேறொன்று. முழங்கால் தேய்ந்தவர் படகில் ஏற முடியாது. கண்புரை வந்தவர் படகுத்துறைக்கே போக முடியாது. உலக சுகாதார நிறுவனம் முதியவரிடம் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: நினைவாற்றல், நடமாட்டம், ஊட்டம், பார்வை, கேட்கும் திறன், மனநிலை. இந்த ஆறையும் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

மக்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று அரசு சொன்னால் கேட்பார்களா?

சொல்வதால் பெரிதாக எதுவும் நடக்காது. கப்பலில் வருவதை மாற்றினால் நடக்கும். தீவுக்கு இதில் ஒரு வசதி உண்டு: பெரும்பாலான பொருட்கள் ஒன்றிரண்டு துறைமுகங்கள் வழியாகத்தான் வருகின்றன.

மொரீஷியஸ் செய்ததைப் பாருங்கள். 1987க்குப் பிறகு அங்கே அரசு மலிவு விலையில் கொடுத்துவந்த சமையல் எண்ணெயில் பாமாயிலை எடுத்துவிட்டுச் சோயா எண்ணெயைக் கொண்டுவந்தார்கள். யாரும் சமையலறைப் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதே சட்டி, அதே பொரியல். 1992இல் மறுபடி சோதித்தபோது மக்களின் சராசரி ரத்தக் கொழுப்பு லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7ஆகக் குறைந்திருந்தது. ஐந்தே ஆண்டில் ஒரு நாடு முழுவதும்! இந்தக் குறைவில் பெரும்பங்கு எண்ணெய் மாற்றத்தால்தான் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆனால் உடல்பருமனும் சர்க்கரை நோயும் அதனால் குறையவில்லை. எண்ணெயால் ஆகும் வேலையைத்தான் எண்ணெய் செய்யும்.

எதிர்ப்பும் வரும். சமோவா 2007இல் வான்கோழி வால் இறக்குமதியைத் தடை செய்தது. மற்ற நாடுகளில் யாரும் விரும்பாத, கொழுப்பு மிகுந்த துண்டு அது. தீவுகளில் மலிவாக வந்து குவிந்துகொண்டிருந்தது. பிறகு உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்காக அந்தத் தடையை விலக்க வேண்டியதாயிற்று. தடையை விட வரி நிலைத்து நிற்கிறது என்பதைப் பல தீவு நாடுகள் கண்டுகொண்டன. நவ்ரு, பிஜி, டோங்கா, பிரெஞ்சு பொலினீசியா எல்லாம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டிருக்கின்றன. வரி மட்டும் போட்டுவிட்டு நல்ல உணவை மலிவாக்காமல் விட்டால் ஏழைதான் கூடுதலாகச் செலவழிப்பார். உள்ளூர் மீனும் காய்கறியும் டப்பாவை விட விலை கூடுதலாக இருக்கும் தீவில் அறிவுரைக்கு இடமில்லை.

மருத்துவர்கள் தீவில் தங்குவதே இல்லை. என்ன செய்வது?

இது நூறு ஆண்டுக்கு மேலான பிரச்சினை. தீர்வுகளும் அதே அளவு பழையவை, ஆனால் அவற்றை மறந்துவிடுகிறோம்.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் ஏழைகளுக்கு மருத்துவமே கிடைப்பதில்லை என்று 1912இல் டியூவர் குழு அறிக்கை கொடுத்தது. 1913இல் அரசுப் பணத்தில் ஒரு மருத்துவச் சேவை தொடங்கியது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 1948இல்தான் வந்தது; அதற்கு 35 ஆண்டு முன்பே தீவுகளுக்கு வந்துவிட்டது! மருத்துவருக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதி. பயணச் செலவைச் சேவையே ஏற்கும், அதனால் தூரத்து நோயாளியிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியதில்லை. குடியிருக்க வீடு. விடுமுறைக்குப் போனால் பதிலாள்.

இந்தக் கடைசி ஒன்று மிக முக்கியம் என்று நினைக்கிறேன். தீவை விட்டுப் போகும் மருத்துவர்களில் பலர் சம்பளத்துக்காகப் போவதில்லை. இரவும் பகலும் தாங்கள் ஒருவர்தான் என்ற பாரம் தாங்காமல் போகிறார்கள். பதிலாள் இல்லாத பணியிடத்தில் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் ஆள் நிற்க மாட்டார்.

ஜப்பான் 1972இல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மாகாணமும் தன் மாணவர்களை அங்கே அனுப்புகிறது. படிப்புச் செலவு கடனாகக் கிடைக்கிறது. படித்து முடித்துச் சுமார் ஒன்பது ஆண்டு சொந்த மாகாணத்தில், அதில் ஒரு பகுதியைத் தீவுகளிலும் மலைக் கிராமங்களிலும், வேலை பார்த்தால் கடன் தள்ளுபடி. அங்கிருந்தே வந்தவர், அங்கேயே வேலை பார்க்கப் பயிற்சி பெற்றவர் தங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வெளியூர்க்காரரைக் கட்டாயத்தில் அனுப்பினால் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

மருத்துவரே கிடைக்காவிட்டால்?

நர்சு போதும், அவருக்கு அதிகாரமும் பின்துணையும் இருந்தால். ஒகினாவாவின் பழைய நீண்ட ஆயுளுக்குக் கிழங்கை மட்டும் காரணமாகச் சொல்வது அநியாயம். போருக்குப் பிறகு மருத்துவர் பஞ்சம் கடுமையாக இருந்த காலத்தில், 1951 முதல், பொதுச் சுகாதார நர்சுகளைக் கிராமங்களிலும் சிறு தீவுகளிலும் குடிவைத்தார்கள். அவர்கள் அந்த ஊரிலேயே வசித்து வீடு வீடாகப் போய்க் காசநோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் கவனித்தார்கள். இந்த ஏற்பாடு 1997 வரை நீடித்தது. கப்பலில் வந்து போகும் நிபுணரால் தர முடியாதது இது: யார் வீட்டில் யார் மருந்தை நிறுத்திவிட்டார் என்ற தகவல்.

இன்று ஒரு நர்சோ பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரோ ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, வகுத்துத் தந்த நெறிமுறைப்படி மருந்தைத் தொடரலாம், அளவை மாற்றலாம். சட்டம் அதற்கு இடம் தர வேண்டும். பல நாடுகளில் திறமை இருக்கிறது, அனுமதி இல்லை.

அப்புறம் மருந்து இருப்பு. படகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும் இடத்தில் ஒரு மாத மருந்து மட்டும் கொடுத்தால், படகு ஒரு தடவை தவறினாலே நடுவில் இடைவெளி விழலாம். புயல் பருவத்துக்கு முன்பே மூன்று மாத மருந்து கையில் இருக்க வேண்டும்.

மாரடைப்பு, பக்கவாதம் என்றால் தீவில் இருப்பவர் கதி என்ன?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

மாரடைப்பில், ஈசிஜி எடுத்துப் பெருநிலக் கரையில் உள்ள இதய மருத்துவருக்கு அனுப்பலாம். அடைப்பை பலூன் வைத்துத் திறக்கும் மருத்துவமனைக்கு 120 நிமிடத்துக்குள் கொண்டுபோக முடியாது என்றால், தகுந்த நோயாளிக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. டெனெக்டிப்ளேஸ் என்ற கரைப்பு மருந்து ஒரே தடவையாகப் போடக்கூடியது. அந்த மருந்து, ஈசிஜி, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி, இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர்: இவை இருந்தால் தீவில் இருப்பவருக்கும் நல்ல வாய்ப்பு உண்டு.

பக்கவாதம் அப்படியல்ல. மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் கரைக்கும் மருந்தைப் போடக்கூடாது. கசிவாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதனால் வாய் கோணுகிறது, கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் 'கொஞ்சம் பார்ப்போம்' என்று காத்திருக்காமல் உடனே தீவை விட்டுக் கிளப்ப வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வையுங்கள். கரையில் முதலில் கேட்பது அதைத்தான்.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்கக் கூடாது. எந்த ஹெலிகாப்டரும் காப்பாற்றுவதை விட அதிகப் பேரைத் தினசரி ரத்த அழுத்த மாத்திரை காப்பாற்றும்.

ட்ரோன், ஹெலிகாப்டர், மருத்துவக் கப்பல்... எது நல்லது?

ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து 1933இலேயே நோயாளியை விமானத்தில் கொண்டுபோனார்கள். அவசரத்துக்கு அது வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் தெரிகிற வசதி என்பதால் பணம் எல்லாம் அங்கே போய்விடுகிறது. ஜப்பானின் உள்கடல் தீவுகளுக்கு 1962 முதல் சாய்செய்மாரு என்ற மருத்துவக் கப்பல் போய்வருகிறது. புற்றுநோய்ப் பரிசோதனை, எக்ஸ்ரே போன்ற திட்டமிட்டுச் செய்யக்கூடியவற்றுக்கு அது நல்ல வழி. 2018 டிசம்பரில் வனுவாட்டுவின் எரொமாங்கோ தீவில், மலைகளைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டர் பறந்து ட்ரோன் தடுப்பூசி கொண்டுவந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய பொருளுக்கு அந்த வேகம் உதவும். வந்து இறங்கிய தடுப்பூசியைப் போட அங்கே ஒரு நர்சு காத்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீடியோவில் மருத்துவரைப் பார்த்தால் போதாதா?

ஏற்கெனவே தெரிந்த மருத்துவர் என்றால் நன்றாகவே நடக்கும். ஒவ்வொரு முறையும் புது முகம் என்றால் முதியவர்கள் இரண்டாம் தடவை வர மாட்டார்கள். பக்கத்தில் நர்சு உட்கார்ந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்னால் பயன் பன்மடங்கு.

தீவு என்றால் தொற்றுநோய் வராமல் பாதுகாப்புதானே?

வரும் வரைக்கும் பாதுகாப்பு. வந்துவிட்டால் மற்ற இடங்களை விட மோசம், ஏனென்றால் பெரும்பாலோருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது.

1846இல் பரோ தீவுகளுக்குத் தட்டம்மை வந்தது. சுமார் 7,800 பேரில் ஏறக்குறைய 6,000 பேருக்குத் தொற்றியது. ஆய்வுக்குப் போன பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: 1781இல் வந்த முந்தைய தட்டம்மையில் பிழைத்த முதியவர்களுக்கு மட்டும் மறுபடி வரவில்லை. ஒருமுறை வந்தால் ஆயுள் முழுவதும் பாதுகாப்பு என்பதற்கு அது பெரிய ஆதாரமானது.

1918இல் ஒரே கப்பல் மேற்குச் சமோவாவுக்கு (இன்றைய சமோவா) ஃப்ளூ காய்ச்சலைக் கொண்டுவந்து, மக்களில் ஐந்தில் ஒருவரைக் கொன்றது. பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவா கப்பல்களைத் தனிமைப்படுத்தியது. அங்கே ஒருவரும் சாகவில்லை. அந்த மேற்குச் சமோவாவில், அதாவது இன்றைய சமோவாவில், 2018இல் தடுப்பூசியைத் தவறான மருந்தில் கலந்து போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. மக்கள் நம்பிக்கை இழந்தார்கள், தடுப்பூசித் திட்டமும் மாதக்கணக்கில் நின்றது. அடுத்த ஆண்டு தட்டம்மை வந்து 83 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். நம்பிக்கையைக் காப்பதும் தடுப்பூசி வேலையில் பாதி.

உறவுக்குள் திருமணத்தால் வரும் பரம்பரை நோய்களுக்கு வழி உண்டா?

உறவுக்குள் மணக்காவிட்டாலும் வரலாம். சில குடும்பங்களிலிருந்து பெருகிய சிறு சமூகத்தில் ஒரு மரபணு பரவலாக இருப்பது இயல்பு. சைப்ரஸில் ஏழு பேரில் ஒருவர் தலசீமியா ரத்தசோகையின் மரபணுவைச் சுமக்கிறார். 1970களில் பரிசோதனைத் திட்டம் தொடங்கினார்கள். பிறகு திருமணத்துக்கு முன் சோதித்த சான்றிதழைத் திருச்சபையே கேட்டது. திருமணத்தைத் தடுக்கவில்லை, தெரிந்துகொண்டு முடிவெடுக்கச் சொன்னார்கள். நோயுடன் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லை என்ற நிலை வந்தது.

பிரசவத்துக்கு முன்கூட்டியே கரைக்குப் போக வேண்டுமா?

அறுவை சிகிச்சையும் ரத்தமும் கிடைக்காத தீவு என்றால், நாள் நெருங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே போவது பாதுகாப்பு. அங்கே தங்க இடமும், துணைக்கு ஒருவருக்கான செலவும் சேவையின் பொறுப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூத்த குழந்தைகளை விட்டுவிட்டு அம்மா போக மாட்டார்.

புயல் அடித்தால் முதியவர்களை எப்படிக் காப்பது?

2017இல் போர்ட்டோரிக்கோவை மரியா புயல் தாக்கியபோது அதிகாரபூர்வமாகச் சொன்ன சாவு எண்ணிக்கை 64. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்து, அடுத்த ஆறு மாதத்தில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 2,975 பேர் என்று மதிப்பிட்டது. அரசும் அதை ஏற்றுக்கொண்டது. முதியவர்களும் ஏழைகளும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். மின்சாரம் இல்லை, சாலை இல்லை, மருந்து இல்லை. அருகிலுள்ள வியேகெஸ் என்ற சிறு தீவில் டயாலிசிஸ் நிலையம் அழிந்துபோனது. நோயாளிகள் வாரத்துக்கு மூன்று முறை சிறு விமானத்தில் பெரிய தீவுக்குப் போய்வர வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில்.

அதனால் டயாலிசிஸ், இன்சுலின், வீட்டில் ஆக்சிஜன் என்று யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் நர்சிடம் காகிதத்தில் இருக்கட்டும். கணினி மட்டும் போதாது. எச்சரிக்கை வந்தவுடன் முதலில் கரைக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்தான். குளிர்பெட்டிக்குச் சோலார் மின்சாரம் இருக்கட்டும்.

எங்கள் தீவில் நலம் கூடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாவு விகிதத்தைப் பார்க்காதீர்கள். முந்நூறு பேர் உள்ள ஊரில் ஓர் ஆண்டு இரண்டு பேர் இறந்தால் அடுத்த ஆண்டு ஐந்து பேர் இறக்கலாம். அதில் பொருள் எதுவும் இல்லை. சராசரி ஆயுளும் அப்படித்தான், சிறிய எண்ணிக்கையில் தாறுமாறாக ஆடும்.

பதிலாக, தீவிலேயே ஒரு நோட்டில் எழுதக்கூடியவற்றை எண்ணுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது. எத்தனை நாள் எந்த மருந்து தீர்ந்து கிடந்தது. கரைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேரை, முன்பே கவனித்திருந்தால் அனுப்ப வேண்டியிருந்திருக்காது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேர் தாங்களாகவே படகுத்துறை வரை நடக்கிறார்கள். கடைசியாக யார் வீட்டுக்கு யாரும் போய்ப் பல வாரம் ஆகிறது. இந்தக் கடைசி வரிசையில் பெயர்களாகவே எழுதுங்கள், எண் வேண்டாம். அடுத்த வாரம் போக வேண்டிய வீடுகள் அவை.